மார்லிஸும் எதிர்வீட்டு ஓட்டும்

செய்தி வந்தபோது காலை ஐந்தே முக்கால். மார்லிஸ் தோல் குவளைக்குள் பகடைக் காய்களைப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அந்த உணவு விடுதியில் காலைக் காபிக்குக் காசு கொடுப்பது யார் என்பதைப் பகடைதான் தீர்மானிக்கும். தோற்றவர் கொடுக்க வேண்டும். ஜெயித்தவருக்கு, தன் காபி ஆறும்வரை குறுக்கீடு இல்லாமல் அரசியல் பேசும் உரிமை உண்டு. சூடு ஆறாமலிருக்கக் காபிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. எடுத்த பணிப்பெண் அதை மார்லிஸிடம் நீட்டினாள். எதிர்வீட்டு ஆர்டனின் மகள் ட்ரூடி பேசினாள்.

"அப்பா போயிட்டாரு, மார்லிஸ். தூக்கத்துலயே."

"சரிம்மா. பிள்ளைங்கள இறக்கி விட்டுட்டு வந்துடறேன்."

மார்லிஸ் பகடைக் குவளையை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். என்ன விழுந்தது என்று தூக்கிப் பார்க்கவில்லை. வெளியே போய் மஞ்சள் பஸ்ஸைக் கிளப்பினாள். அன்றும் எந்தக் குழந்தையும் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போகவில்லை.

எழுபதை நெருங்குகிற மார்லிஸ் விஸ்கான்சின் மாநிலத்தின் இந்த மேட்டுப் பிரதேசத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வாழ்நாளெல்லாம் முதுகுக்குப் பின்னால் நடப்பதைக் கண்ணாடியில் பார்த்தே பழகியவள். அதனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம்கூட முகத்தைத் திருப்பிப் பேச மாட்டாள். விடுதியில் அவளுடைய இடம் கடைசி ஸ்டூல். கவுண்ட்டருக்குப் பின்னால், பழப் பணியார அலமாரிக்கு மேலே ஒரு நீளக் கண்ணாடி இருக்கிறது. அதைப் பார்த்தபடியே வாதம் செய்வாள். சத்தம் அதிகமானால், "ஏய், மூணாவது மேசை! வாய மூடு, இல்லேன்னா அடுத்த நிறுத்தத்துல இறக்கி விட்டுடுவேன்" என்பாள். மூன்றாவது மேசை என்றால் ஆர்டன்.

ஆர்டன் மாடு வைத்துப் பால் கறந்தவர். முழங்கால் போனபிறகு மாடுகளை விற்றுவிட்டார். அவர் யானைச் சின்னக் கட்சி. மார்லிஸ் கழுதைச் சின்னக் கட்சி. மாவட்டச் சாலைக்கு இந்தப் பக்கம் ஒருவர் வீடு, அந்தப் பக்கம் மற்றவர் வீடு.

அதிபரின் பெயர் வாக்குச்சீட்டில் இல்லாத இடைக்காலத் தேர்தல் வருடங்களில்தான் இவர்கள் இருவருக்கும் பேச்சு சூடாகும். மாநிலச் சட்டசபைக்கு நிற்கிறவனையும் ஷெரீஃப் வேலைக்கு நிற்கிறவனையும் இருவருக்கும் அரைக்கால் சட்டை வயதிலிருந்தே தெரியும். அப்படித் தெரிந்தவனைத் திட்டும்போது வரும் ருசி, தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த ஆளைத் திட்டும்போது வருவதில்லை.

"அரசாங்கம் எதுலயும் கை வைக்கக் கூடாதுங்கறியே பால்காரா, உன் இதய மாத்திரைக்கு யாரு பணம் கட்டறது? சாண்டா கிளாஸா?"

"அது நான் வேலை செஞ்ச காலத்துல கட்டின பணம், டிரைவரம்மா!"

"அப்போ என் ரோட்டுக் குழியும் நான் கட்டின வரிதான். அதுல கொஞ்சம் தார் ஊத்தச் சொல்லு உங்காளை. போன வாரம் ஒரு பிள்ளை கூரைல முட்டிக்கிட்டான்."

"உன் ஓட்டத்துக்கு ரோட்டைக் குத்தம் சொல்றியா?"

மூன்றாவது மேசை சிரிக்கும். மார்லிஸ் கண்ணாடியில் முறைப்பாள். பேச்சு முடியும்போது இருவரில் ஒருவர், "எப்படியும் உன் ஓட்டும் என் ஓட்டும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போச்சு" என்பார். அதற்குமேல் அன்றைக்கு அரசியல் கிடையாது. மான் வேட்டை, மழை, யாருடைய டிராக்டர் எந்த ஓடையில் கவிழ்ந்தது என்று பேச்சு போய்விடும்.

ஒரு தேர்தலன்று பருவத்துக்கு முந்திய பனிப்புயல். ஓட்டுதான் கழிந்துபோகிறதே, சறுக்கும் சாலையில் எதற்காகப் போக வேண்டும் என்று காலையில் தொலைபேசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இருவரும் வீட்டிலேயே இருப்பது. மத்தியானம் மார்லிஸ் மெயின் ரோட்டை விட்டுவிட்டு, கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய பின்வழியாக, வாக்குச்சாவடி இருந்த ஊர் மன்றத்துக்குப் போனாள். வாசலில் பனியை உதறிக்கொண்டே ஏறினால், உள்ளேயிருந்து ஆர்டன் இறங்கி வருகிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ வந்திருக்கியான்னு பார்க்கத்தான் வந்தேன்" என்றார் ஆர்டன்.

"பார்த்துட்டே இல்ல? தள்ளு."

அடுத்த தேர்தலுக்கு மார்லிஸ் வாக்குச்சாவடி ஊழியராகப் பெயர் கொடுத்துவிட்டாள். 'உன்னை மாதிரி ஆளுங்களுக்குக் காவல் வேணும்' என்பது அவள் சொன்ன காரணம். அதிலிருந்து ஒவ்வொரு முறையும் ஆர்டன் அவளுடைய மேசை வரிசையில்தான் வந்து நிற்பார். வாக்காளர் தன் பெயரையும் முகவரியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"பேரு?"

"உனக்குத் தெரியாதா?"

"சட்டம் கேக்குது. பேரு?"

"ஆர்டன் டாலஃப்சன்."

"முகவரி?"

"உன் ஜன்னலைத் திறந்தா தெரியறது."

வரிசையில் நிற்பவர்கள் இதற்காகவே காத்திருப்பார்கள்.

பிரசாரப் பலகை நடுவதிலும் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்து மார்லிஸின் வலது தோள் மேலே எழும்பாது. சம்மட்டி அவளுக்கு ஆகாது. ஆகவே அவளுடைய கட்சிப் பலகையின் இரண்டு மரக்கால்களையும் அவளுடைய முற்றத்தில் ஆர்டன்தான் வந்து அறைவார். "என் கழுத்துக்கு நானே சுருக்குப் போடறேன்" என்று ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை சொல்வார். வேலை முடிந்ததும் இலவங்கப்பட்டை ரொட்டியும் காபியும். காற்றில் ஆர்டனின் பலகை சாய்ந்தால் மார்லிஸ் சாலையைக் கடந்து போய் நிமிர்த்தி வைப்பாள். "இல்லேன்னா தோத்ததுக்கு என் மேல பழி போடுவ."

இந்தச் செப்டம்பரில் அவர் பலகையின் ஒரு மரக்காலை அறைந்துவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. "மத்தது நாளைக்கு" என்றார். மறுநாள் ஆஸ்பத்திரி. பிறகு வீட்டு முன்னறையில், சாலையைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு கட்டில். எதிரே மார்லிஸின் பலகை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"உங்காளு நொண்டறான் பாரு டிரைவரம்மா. படுத்துக்கிட்டே பார்க்க சுகமா இருக்கு."

"சிரி. எழுந்து வந்து அறையற வரைக்கும் அப்படியேதான் இருக்கும்."

அக்டோபரில் அவருடைய வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. வீட்டிலிருந்து ஓட்டுப் போடுகிறவருக்கு ஒரு சாட்சி வேண்டும். சாட்சி உறைமீது கையெழுத்தும் முகவரியும் எழுத வேண்டும். ஆர்டன் ட்ரூடியை அனுப்பி மார்லிஸைக் கூப்பிட்டார்.

"மகளே இருக்காளே, அவ போடக் கூடாதா?"

"அவ எங்க கட்சி. நாளைக்கு நீயே கள்ள ஓட்டும்ப. நீ போட்டுட்டா ஒரு பயலும் வாயத் திறக்க முடியாது."

அவர் குறியிட்டு முடிக்கும்வரை மார்லிஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வெகுநேரம் ஆயிற்று. பேனா தாளில் உரசும் சத்தம், நின்று நின்று கேட்டது. உறையை ஒட்ட அவருக்கு நாக்கில் ஈரம் இல்லை. மார்லிஸ் தண்ணீர்க் கோப்பையில் விரலை நனைத்துத் தடவிக் கொடுத்தாள்.

"இந்தச் சீட்டு ஓட்டு எண்ணற மிஷினுக்குள்ள போறத நீ பார்க்கணும்" என்றார்.

"என் கையாலயே போடறேன், போதுமா?"

இப்படித்தான் வாக்குக் கொடுத்தாள். தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது அவர் இறந்துபோனார். தேர்தல் நாளுக்குள் இறந்தவரின் ஓட்டு, முன்பே அனுப்பியிருந்தாலும், இந்த மாநிலத்தில் எண்ணப்படுவதில்லை. சாவடி ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பில் மார்லிஸ் இதை வருடாவருடம் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் கொட்டாவி விட்டுக்கொண்டு.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித் தொடைக்கறி வைத்த பன், சிவப்பு ஜெல்லி, மார்லிஸ் கொண்டுவந்திருந்த உருளைக்கிழங்கு இறைச்சி அடுக்கு. தட்டோடு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார் லெராய். தீவனக் கடைக்காரர், ஆர்டனின் கட்சிக்கு இந்தப் பக்கத்தில் எல்லாமே அவர்தான்.

"ஆர்டன் ஓட்டு போய்ச் சேர்ந்துடுச்சுல்ல?"

"சேர்ந்துடுச்சு. எண்ண மாட்டாங்க."

"யாராவது சொன்னாத்தானே எண்ண மாட்டாங்க?" லெராய் குரலைத் தாழ்த்தினார். "போன தடவை சட்டசபை சீட்டு எத்தனை ஓட்டுல போச்சு தெரியும்ல? இந்தக் கீழ்த்தளத்துல உக்காந்திருக்கிற ஆளுங்கள விடக் குறைச்சல். நீ சும்மா இருந்தா போதும், மார்லிஸ். பேரு வாசிப்பாங்க, மிஷினுக்குள்ள போடுவாங்க. முடிஞ்சுது."

"ஊரே உக்காந்து அவன் சாவுக்குப் பன்னு தின்னுட்டிருக்கு. நான் மட்டும் அவன் உயிரோட இருக்கான்னு நினைச்சுக்கணுமா?"

"அவன்கிட்ட நீ சொன்னியாமே, உன் கையாலயே போடறேன்னு. ட்ரூடி சொன்னா."

மார்லிஸ் தட்டிலிருந்த கடைசி ஜெல்லித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"உனக்கென்ன. லாபம்தானே" என்றார் லெராய். தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நியாயம்னா நீயும் போடாம இருக்கணும். ரெண்டும் கழிஞ்சு போகும்" என்றார்.

"நான் போடாம இருந்தா அவன் குழியிலேர்ந்து எழுந்து வந்து என்னைத் திட்டுவான், லெராய். பனிப்புயல் வருஷத்த மறந்துட்டியா?"

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. காலித் தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய், யாரும் கேட்காமலே பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள். அந்த வாரம் முழுவதும் அவள் விடுதியில் பகடை ஆடவில்லை. தன் காபிக்குத் தானே காசு வைத்துவிட்டுப் போனாள். கடைசி ஸ்டூலில் உட்கார்ந்தாலும், கண்ணாடியைப் பார்க்காமல் பணியார அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்தலன்று பஸ்ஸை வேறோர் ஓட்டுநரிடம் விட்டுவிட்டுச் சாவடிக்கு வந்தாள். நடுப்பகலில் கூட்டம் ஓய்ந்ததும் ஊர் எழுத்தர் வாண்டா தபால் உறைகளை எடுத்து வந்தாள். ஒவ்வொரு உறையின் பெயரையும் முகவரியையும் உரக்க வாசிக்க வேண்டும். பிறகு பிரித்து, சீட்டை மிஷினில் விட வேண்டும். கட்சிப் பார்வையாளருக்கான நாற்காலியில் லெராய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாண்டா உறைகளைப் புரட்டி ஒன்றில் நிறுத்தினாள். "இத நான் வாசிக்கட்டுமா?"

"வேணாம். குடு."

உறையின் அடியில் அவளுடைய கையெழுத்தே இருந்தது. மார்லிஸ் எழுந்து நின்றாள். மற்ற உறைகளை உட்கார்ந்துதான் வாசித்திருந்தாள்.

"ஆர்டன் டாலஃப்சன்" என்றாள். முகவரியையும் வாசித்தாள். பிறகு நிறுத்தினாள். யாரோ ஏதோ சொல்வதற்கு இடம் விடுவதுபோல இருந்தது. மிஷினின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. லெராய் கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

"இறந்துட்டார்" என்றாள் மார்லிஸ். "எனக்குத் தெரியும். எதிர்வீடு."

வாண்டா உறைமீது குறித்துக் கொடுத்தாள். எண்ணப்படாதவற்றுக்கான பழுப்புப் பைக்குள் அதை மார்லிஸ் தன் கையாலேயே வைத்தாள். தூக்கிப் போடவில்லை, கையை உள்ளே விட்டு அடியில் படும்படி வைத்தாள். அப்புறம் உட்கார்ந்து, "அடுத்தது" என்றாள். லெராய் வெளியே போய்ப் பனிக்காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். சாயங்காலம் மார்லிஸ் தன் ஓட்டைப் போட்டாள். ஓர் இடத்தையும் காலியாக விடவில்லை.

சட்டசபை சீட்டு யானைக் கட்சிக்கே போயிற்று. மறுநாள் காலை அவள் பஸ் சுற்றை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, எதிர்வீட்டு முற்றத்தில் லெராய் ஆர்டனின் பலகைகளைப் பிடுங்கித் தன் வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சாலையைக் கடந்து வந்தார்.

"ஜெயிச்சுட்டோம்."

"கேட்டேன்."

"அவன் ஓட்டு இல்லாமலே."

"தெரியும், லெராய். அதச் சொல்லிக் காட்ட அவன் இல்ல. அவ்வளவுதான்."

லெராய் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். அன்றைக்குக் கீழ்த்தளத்தில் பேசியதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மார்லிஸ் கையை அசைத்து நிறுத்திவிட்டாள். அவர் அவளுடைய முற்றத்தில் சாய்ந்து நின்ற பலகையைப் பார்த்தார்.

"உன் தோள் ஆகாதே. இதையும் பிடுங்கிக் கொடுத்துட்டுப் போகட்டுமா? எலக்‌ஷன்தான் முடிஞ்சு போச்சே."

மார்லிஸ் பலகைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். முதல் தடவையாகத் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"விடு. அது இன்னும் நட்டே முடியல."

லெராய் போனபிறகு அவள் உள்ளே போய்க் காபி போட்டாள். வாளி கவிழ்த்தபடியே கிடந்தது. ஆர்டனின் சம்மட்டி அதன்மேல் சாய்ந்திருந்தது. பலகையின் இரண்டாவது கால், புல்லுக்கு ஒரு சாண் மேலே, அறையப்படாமல் நின்றது.