இருசம்மாள் குரலும் அர்ச்சனா மோடமும்

இருசம்மாள் வாயைத் தொறந்தா குப்பத்துக்கே மைக்கு வேணாம். பழவேற்காடு ஏரியில இன்னின்ன குழு இன்னின்ன நாள் வலை கட்டலாம்னு முறை உண்டு, அதுக்குப் பேரு பாடு. நாளைக்கு யார் பாடுன்னு பெரியவங்க மொதல்ல இருசம்மாகிட்டதான் சொல்வாங்க. முந்தானையை இழுத்துச் செருகிக்கினு அவ தெருத்தெருவா கூவிக்கினு போவா. பொழுது விடியறதுக்குள்ள துறைக்கு வராதவன் பாடு அடுத்த குழுவுக்குப் போயிடும். அதனால அவளுக்கு அப்படி ஒரு மரியாதை.

எல்லாம் கொழுந்தன் பொண்டாட்டி அர்ச்சனா வர்ற வரைக்கும்தான். பொன்னேரியில கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு. சிம் போட்ட மோடம் ஒண்ணை லேப்டாப்புல சொருகினா. ATDனு தட்டி, கூடவே நம்பரைத் தட்டினா போதும், குழுத் தலைவன் போன் அடிக்கும். எடுத்தா, "நாளைக்கு உங்க பாடு"ன்னு அர்ச்சனா பதிஞ்சு வெச்ச குரல். ஊரே வாயைப் பொளந்துச்சு.

இருசம்மாளுக்கு வயிறு பத்திக்கினு எரிஞ்சுது. "இன்னாத்த பெரிய மோடம்! இத்தினி வருசம் தொண்டைத் தண்ணி வத்த கூவினது இவனுங்களுக்கு மறந்துபோச்சா?" இப்பல்லாம் யார் பாடுன்னு அவகிட்ட ஒருத்தரும் சொல்றதில்ல. ஆனாலும் அடிக்கடி பக்கத்து வூட்டுக்குப் போய் அர்ச்சனா தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பார்ப்பா.

"இது இன்னாத்துக்குடி?"

"ATH போட்டா போனை வெச்சிடும்க்கா."

எட்டாவது வரைக்கும் படிச்சவளாச்சே, அந்த மூணு எழுத்து மனசுல ஒட்டிக்கிச்சு.

ஒருநாள் சாயந்தரம் போனா, கூடத்துல ஆளில்ல. அர்ச்சனா நம்பரைத் தட்டிட்டு, கொல்லையில விழுந்த கொழந்தையைத் தூக்க ஓடியிருந்தா. லைன் இன்னும் போய்ச் சேரல. யாரோட நம்பரோ, எவன் கண்டான்? ஊர்ல எல்லார் குரலும் இருசம்மாளுக்குத் தெரியும், ஒருத்தர் நம்பரும் தெரியாது. 'நாளைக்கு எவனாவது பாட்டை வுட்டுட்டு வந்து கத்தட்டும், அப்போ தெரியும் என் அருமை'ன்னு ATH தட்டிட்டு, வந்த சுவடு தெரியாம போயிட்டா. திரும்பி வந்த அர்ச்சனா திரையைப் பார்க்காமலே லேப்டாப்பை மூடினா.

மறுநாள் கத்திக்கினு வந்தவன் வேற யாருமில்ல, அவ புருஷன், குழுத் தலைவன் மாரி. "எறா அள்ளுற நேரத்துல என் பாடு போச்சே! எனக்கு ஏன் போன் வரல?"

பெரியவங்க முன்னாடி அர்ச்சனா லேப்டாப்பைத் தொறந்தா. திரையில மாரி நம்பர். அதுக்குக் கீழ, அவ தட்டாத ATH. நிமிர்ந்து ஒரு தடவை இருசம்மா மூஞ்சைப் பார்த்தா.

"என் தப்புதான் மாமா. சரியா போடல"ன்னா அர்ச்சனா. "இனிமே நான் போன் போட்டாலும் அக்காவும் ஒரு குரல் குடுக்கட்டும். அதான் நம்பிக்கை."

பெரியவங்க சரின்னுட்டாங்க. அன்னிக்குச் சாயந்தரமே இருசம்மா கூவப் போனா. தெரு முழுக்க ஒரே பேச்சு: "தப்பை எப்படி ஒத்துக்கினா பாரு, தங்கமான பொண்ணு!" புருஷன் பாடுதான் போச்சு, நல்ல பேரும் அர்ச்சனாவுக்கே போச்சேன்னு இருசம்மாளுக்கு மறுபடியும் வயிறு எரிஞ்சுது.