அலிம்பியே நாளின் ரொட்டி

விதோசாவா, செர்பியாவில் எங்கள் ஊர்ச் சிறையில் பதினெட்டு வருடமாகக் காவலர். பார்வையாளர்கள் கொண்டுவரும் பைகளைப் பிரித்துச் சோதிப்பது அவள் வேலை. அஞ்சல் வழியில் முடித்த சட்டப் பட்டம் பெட்டியில் கிடந்தது. நாற்பத்து நாலு வயதில் திடீரென்று குற்றவியல் முதுகலையில் சேர்ந்தாள்.

"ஏன்டி, திருடனுங்களப் பாத்தது பத்தாதா? காசு கட்டிப் படிக்க வேற செய்யணுமா?" என்றேன்.

"ஒருத்தன் வெளிய போன மூணாவது மாசம் திரும்பி வர்றான். இன்னொருத்தன் வர்றதே இல்ல. ஏன்னு தெரியணும் ஸ்தமெங்கா."

சனிக்கிழமை தோறும் நகரத்துக்குப் பேருந்து. வகுப்பில் மற்றவர்களுக்கு அவள் வயதில் பாதி. ஆய்வுக்காக, விடுதலையாகித் திரும்பி வராத பதினான்கு பேரைத் தேடிப் போனாள். எல்லாரும் கதவைத் திறந்து காபி வைத்தார்கள். அவர்களுடைய தாய்மார்களின் பையை ஒருநாளும் கொட்டிக் கவிழ்க்காதவள் அவள். பெயர் வெளியே வராது என்று ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

நீதிமன்றத்துக்கு எதிரே நகலெடுத்துக் கட்டுப்போடும் கடை என்னுடையது. நகலோடு ஊர்க்கதையும் சேர்த்து வாங்கிப் போகலாம் என்று கிண்டல் செய்வார்கள். பொய்யில்லை. அவளுடைய ஆய்வேட்டுக்கு ஐந்து பிரதி கட்டி, நகரத்துக்கு அனுப்பிவிட்டோம். அவளுக்கென்று கட்டிய ஆறாவதன் அட்டை கோணலாக ஒட்டிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை வாய்மொழித் தேர்வு. திங்கள் காலை அதைப் பிரித்து ஒட்டும்போது, சும்மா இருக்க முடியாமல் படித்தேன். ஏழாம் எண் கைதியின் பேச்சில் கை நின்றது. 'ஒவ்வொரு டிசம்பர் ஒன்பதாம் தேதியும் அம்மா எங்கள் புனிதரின் ரொட்டியைச் சிறைக்குக் கொண்டுவருவாள்.'

பிரதியை வாங்க வந்தவளிடம் கேட்டேன். "ரொட்டிக்கடை ரதோய்கோ ஜெயில்லயா இருந்தான்? மூணு வருஷம் ஆஸ்திரியாவுலன்னுல்ல சொன்னாங்க?"

அவள் பிரதியைப் பிடுங்கிப் புரட்டினாள். "நான் பேர் எழுதலையே."

"பேர், வயசு, தொழில், ஊர் எல்லாம் மாத்திட்ட. டிசம்பர் ஒன்பது அலிம்பியே நாளாச்சே, அத மாத்தலையே."

எங்கள் மக்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர், அவருக்கு ஒரு நாள். அது அப்பனிடமிருந்து மகனுக்கு வருவது. ஊரில் பாதிப் பேருக்கு நிக்கோலா. அலிம்பியே இரண்டே வீட்டில்தான். ஒன்று கல்யாணமே ஆகாத வாத்தியாரம்மா வீடு, மற்றது ரதோய்கோ வீடு. ஒருவனுக்கு நூறு பொய்ப் பெயர் வைப்போம், அவன் புனிதரை மாற்ற எங்களில் யாருக்கும் கை வராது. அவளுக்கும் வரவில்லை. ரதோய்கோவின் பெண் நெவெனாவுக்குப் பதினைந்து வயது. ஆஸ்திரியா கதை அவளுக்காகவே சொன்னது.

கடையைப் பூட்டிக்கொண்டு அவளோடு நானும் பேருந்தேறினேன். நகரத்தில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் நல்ல மனிதர்தான், சிரித்தார். "ஒரு தேதிக்காகவா இவ்வளவு பதற்றம்? நாளைக்குத் தேர்வ முடிங்க. அப்புறம் திருத்திக்கலாம்."

"நாளைக்கு முடிஞ்சா ஒரு பிரதி நூலகத்துக்குப் போயிடும் சார். உங்க வீட்டுல எந்தப் புனிதர்?" என்றாள் விதோசாவா.

"நிக்கோலா."

"நீங்க பாதி செர்பியாவுக்குள்ள ஒளிஞ்சுக்கலாம். அந்த ஆளுக்கு ஒளிய இடமில்ல."

அவர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். தேர்வை அக்டோபருக்குத் தள்ளிவைக்கச் சொல்லி அவள் எழுதிக் கொடுத்தாள். சிறையில் சீர்திருத்த அலுவலர் பதவி அவளுக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. அதற்கு ஜூலைக்குள் முதுகலை முடித்திருக்க வேண்டும். கையெழுத்துப் போடும்போது அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஐந்து பிரதிகளையும் மடியில் அடுக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம். எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாள் காலை நேரே ரதோய்கோவிடம் போய், தன் தவறையும் தேர்வைத் தள்ளிவைத்ததையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். அவன் மாவைப் பிசைந்துகொண்டே கேட்டானாம். "வேற யாருக்குத் தெரியும்?"

"ஸ்தமெங்காவுக்கு."

"அப்ப ஊருக்கே தெரியும்."

நியாயமான பேச்சுதான். ஆனால் என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அக்டோபர் வரையிலான அந்த ஐந்து மாதம்தான். பதவி ஜூலையில் வேறொருவனுக்குப் போனது. விதோசாவா பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

திருத்திய ஆய்வேட்டோடு அக்டோபரில் தேர்ச்சி பெற்றாள். எங்கள் வழக்கப்படி, தேர்வு முடிந்ததும் பக்கத்து அறையில் விருந்து வைத்திருந்தாள். நான் மிளகாய்த் துவையலைப் பரப்பிக்கொண்டிருந்தேன். துணி போர்த்திய பெரிய ரொட்டியோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். நெவெனா.

"அப்பா குடுத்தனுப்பினாரு," என்றாள். விதோசாவாவைப் பார்த்து, "அந்த மூணு வருஷம் எங்க இருந்தாருன்னு அவரே என்கிட்ட சொல்லிட்டாரு. என்னால ஒருத்தங்களுக்கு வேலை போச்சுன்னா நான் உண்மையச் சொல்லித்தான் ஆகணும்னாரு."

விதோசாவா ரொட்டிக்கு மேசையில் இடம் ஒதுக்கினாள்.

"ஜெயில்ல சோதனைக்கு ரொட்டிய வெட்டணும்ல. எல்லாரும் கண்டபடி வெட்டுவாங்களாம். நீங்க மட்டும், வீட்டுல வெட்டுற மாதிரி சிலுவையா வெட்டி, துணிய மூடி பாட்டி கையில குடுத்தீங்களாம்."

அந்தப் பெண் துணியை விலக்கி, கத்தியை விதோசாவாவிடம் நீட்டினாள்.

"இதையும் நீங்களே வெட்டுங்க ஆன்ட்டி."