பெட்டி சொன்ன சகுனம்

எண்பதுகளில் மல்லசமுத்திரத்திலிருந்து பாலிடெக்னிக் போய்க்கொண்டிருந்தபோது, சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவிக்காக ராண்டம் வோல்டேஜ் பெட்டி ஒன்றைச் செய்தேன். வோல்டேஜ் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். ரொம்ப ஏறினால் ஸ்பீக்கர் ‘ட்ச் ட்ச்’ என்னும். எப்போது என்று செய்தவளுக்கே தெரியாது.

எனக்கு வந்த வரனுக்காக அப்பா பல்லி சகுனம் கேட்டு உட்கார்ந்தார். பாழாய்ப்போன பெட்டி உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்தது. சகுனம் கேட்கையில் யாரும் எழக் கூடாது. போய் அணைக்க வழியில்லை.

‘ட்ச் ட்ச்.’

“பல்லி சொல்லிருச்சு சாமி, பேசி முடிச்சரலாம்,” என்றார் அப்பா என்னைப் பார்த்து.

உண்மையைச் சொன்னால், மாப்பிள்ளையைப் பிடிக்காமல் சாக்குச் சொல்கிறேன் என்பார்கள். எனக்கோ அவரைப் பிடித்திருந்தது. பெட்டியை அணைக்க நிஜமாகவே மறந்தேனா என்றுதான் இன்றுவரை பயமாக இருக்கிறது.