இரண்டாவது பெயர்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் சங்கம் ஒன்றுதான். தலைவரும் ஒருவர்தான், பல வருடங்களாக. ஆனால் தேர்தல் மட்டும் தவறாமல் நடக்கும். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் கூடுவோம், ஒரு பெயரை வாசிப்பார்கள், கை தூக்குவோம், தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். கை தூக்காதவரை யாரும் அடிக்கமாட்டார்கள், திட்டமாட்டார்கள். அவர் வீட்டுக்குக் கூரைத் தகரம் மட்டும் வராது.

நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் சரிந்தது. அரநாயக்கவில் மலை சரிந்து ஊரை மூடியதைப் பார்த்தவர்கள் நாங்கள். மழை கனத்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போய் ஜெபமாலையோடு உட்கார்ந்திருப்போம். புது வீடு கொடுக்கும் பட்டியலைத் தலைவர்தான் எழுதினார். எங்கள் லயம் அதில் இல்லை. சமதரையில் சுகமாக இருக்கிற அவருடைய தம்பி குடும்பம் இருந்தது. இந்த முறை நானே நிற்பது என்று முடிவு செய்தேன்.

என் பெயரைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல ஒருவர் வேண்டும். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்காவைக் கேட்டேன். பதினொரு வருடமாக நாங்கள் அடுத்தடுத்த வரிசையில் பால் வெட்டுகிறோம்.

"ஹரி தங்கச்சி, நான் சொல்றேன்" என்றாள். சிங்களத்து 'ஹரி'தான் எங்கள் தோட்டத்தில் 'சரி'.

மற்ற வீடுகளிலும் கேட்டேன். எல்லாரும் சரி என்றார்கள். அதை நம்பினேன், புத்தி கெட்டவள்.

கூட்டத்தன்று சங்கத்தின் டவுன் ஆபீசிலிருந்து வந்தவர் தலைவரின் பெயரை வாசித்தார். "வேற பேர் இருக்குங்களா?"

அக்கா தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகில் மெல்லத் தட்டினேன். அசையவில்லை.

"அப்ப எல்லாரும் கை தூக்குங்க."

முதல் கை அவளுடையது. என் கை மட்டும் மடியில் கிடந்தது.

வெளியே வந்ததும் அவளை நிறுத்தினேன். "ஏங்க்கா எனக்குச் சரின்னு சொன்னீங்க?"

"வாசல்ல வந்து கேக்குறவங்ககிட்ட மாட்டேன்னு எப்படிச் சொல்றது? தலைவரும் வந்து கேட்டாரு. அவருக்கும் சரின்னுதான் சொன்னேன்."

அவள் முகத்தில் குற்ற உணர்வு கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். நாலு தலைமுறையாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிப் பழகிய சரியில் ஒன்றை எனக்கும் கொடுத்திருக்கிறாள்.

போன மாதம் புதுப் பட்டியல் வந்தது. எங்கள் லயத்திலிருந்து ஒரே ஒரு வீடு, அக்காவுடையது. லொறி வந்து நின்றதும் என் வாசலுக்கு வந்தாள்.

"தங்கச்சி, இந்த அலுமாரிய ஒரு கை பிடிக்கிறியா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஹரி அக்கா" என்றேன்.