மலைவாசல் திறந்த சனிக்கிழமை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இரண்டு வேலை. வாரம் முழுக்க மூடிக்கொண்ட கதவுகளைத் திறந்துவிடுவது ஒன்று. சனிக்கிழமை சாயங்காலமானால் ஒரு கதவைத் திறக்கவே மாட்டேன் என்று அடம் பிடிப்பது இன்னொன்று. முதல் வேலைக்குச் சம்பளம் வருகிறது. இரண்டாவதற்கு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் மிச்சம்.

அந்த இரண்டாவது கதவு அட்டையால் செய்தது. உள்ளங்கை அகலம்கூட இருக்காது. சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து ஆடும் ஒரு போர் விளையாட்டில் அது மலைநாட்டின் வாசல். ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு படை, கடைசிவரை கோட்டையைக் காப்பாற்றிக்கொள்பவர் ஜெயித்தவர். மேசைக்கு அளவெடுத்து, ஆறு, மலை, காடு எல்லாம் வைத்துத் தைத்த வரைபடத் துணி மெக்கானிக்கின் மனைவி கைவேலை. அவள் தையற்காரி. ஆட மாட்டாள். அதே கூடத்தில் மிஷினை மிதித்துக்கொண்டே எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்வாள், அது போதாதா?

ஆடுகிறவர்கள் மூன்று பேர். மெக்கானிக் எப்போதும் மலைநாடு; தாடி வைத்த குள்ளர்கள், மலையைக் குடைந்து உள்ளேயே வாழ்கிறவர்கள். அதனால் அவருக்கு மலையரசர் என்றே பெயர் வந்துவிட்டது. மாடிவீட்டுக் கணக்கு டீச்சருக்கு டிராகன்கள். தன் முறை வரும்வரை சிவப்புப் பேனாவால் விடைத்தாள் திருத்துவார், முறை வந்ததும் அதே முகத்தோடு ஒரு ஊரை எரித்துவிட்டு மறுபடியும் தாளை எடுப்பார். மூன்றாவது ஆள் மனைவியின் தம்பி, மருந்துக்கடைக்காரன். அவனுக்குச் சதுப்புநிலச் சூனியக்காரிகள்.

மைத்துனனுக்குக் கணக்குதான் எல்லாம். எந்தப் பக்கம் எத்தனை ஆள், பகடை எப்படி விழ வாய்ப்பு, இதையெல்லாம் காலி மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் காய் நகர்த்துவான். மலையரசருக்கு இதெல்லாம் ஆகாது. விதிப் புத்தகத்தின் கடைசியில், யாருமே புரட்டாத பக்கங்களில், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பழங்கதை பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்து மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார் மனிதர்.

பொடி எழுத்தில் எது இருந்தாலும் அவருக்கு வேதம். லிஃப்டுக்குள் "எட்டுப் பேர்" என்று ஒரு சின்னத் தகடு இருக்குமே, அதை உலகத்திலேயே மதிக்கிற ஒரே ஆள் அவர்தான். தன் கல்யாணத்தன்று மண்டபத்து லிஃப்டில் ஒன்பதாவது ஆளாக ஏறியவரை மாப்பிள்ளைக் கோலத்திலேயே கையைப் பிடித்து இறக்கிவிட்டார். இறங்கியவர் பெண்ணைப் பெற்றவர். மாமனார் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து மகளைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கண்மூடும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், அது வேறு விஷயம். அவர் மகன், நம் மருந்துக்கடைக்காரன், அந்த மாதிரி ஆள் இல்லை.

வினை வந்தது இப்படித்தான். ஒரு சனிக்கிழமை மலைநாடும் சதுப்புநாடும் கூட்டணி. டீச்சரின் டிராகன் சூனியக்காரிகளைத் துரத்திக்கொண்டு வருகிறது. தப்பிக்க ஒரே வழி மலைவாசல்.

"மாமா, வாசலைத் திறங்க. உள்ள வந்துடறேன்," என்றான் மைத்துனன்.

"முடியாது மாப்ள."

"ஏன்?"

"மலைநாட்டோட முதல் நகரம் எப்படி அழிஞ்சது தெரியுமா? விருந்தாளின்னு நம்பி ஒரு படைக்குக் கதவைத் திறந்தாங்க. உள்ள வந்தவன் ஊரையே சுருட்டிட்டான். மலை வாய் திறந்து பேசற வரைக்கும் எந்தப் படைக்கும் வாசல் திறக்க மாட்டோம்னு அன்னைக்கே சத்தியம் பண்ணிட்டாங்க."

"அது கதை மாமா. விதியைப் பாருங்க. கூட்டாளியை உள்ள விடலாம்னு தெளிவா இருக்கு. என் படை பிழைச்சா அடுத்த முறை ரெண்டு பேரும் சேர்ந்து டிராகனை அடிக்கலாம். கணக்குப் போட்டுட்டேன், நமக்குத்தான் சாதகம்."

"கணக்கு சரி மாப்ள. குள்ளன் அப்படிச் செய்ய மாட்டான்," என்று மலையரசர் தாடி இல்லாத மோவாயைத் தடவிக்கொண்டு சிரித்தார். டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சூனியக்காரிகளை ஒருத்தி விடாமல் எரித்தார்.

மைத்துனன் எழுந்தான். தன் காய்களை இருமல் மருந்து டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. அக்காவுக்கு மட்டும் போன் வரும், அதுவும் மாமா வேலைக்குப் போன நேரம் பார்த்து.

"ஊருல இருக்கிற கதவையெல்லாம் ஓடி ஓடித் திறக்கிறீங்க. என் தம்பிக்கு ஒரு அட்டைக் கதவைத் திறக்கக் கை வரலை," என்றாள் மனைவி.

"அது அட்டைக் கதவு இல்லைடி, மலையோட மானம்."

"அந்த மலைக்கு அடியில துணி தைச்சது நான். எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவன் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேங்கிறான். உங்க மானத்தை வெச்சு நான் என்ன பண்றது?"

அதற்கப்புறம் அவள் சண்டைகூடப் போடவில்லை. மிஷினை மட்டும் வேகமாக மிதித்தாள். சண்டை போட்டிருந்தால் மலையரசர் தாங்கியிருப்பார். அவருக்கும் மனசு சரியில்லைதான். இரண்டு பேராக ஆடிய ஆட்டம் உப்புச்சப்பில்லாமல் போயிற்று. டிராகன் காலியாய்க் கிடந்த சதுப்பு நிலத்தைச் சும்மா சுற்றிச் சுற்றி வந்தது. "கதையைத் தூக்கிப் போடுங்க மாமா" என்று அதட்ட ஆள் இல்லாமல் கதை சொல்லவும் வாய் வரவில்லை. ஆனால் போய்க் கூப்பிடுவாரா? கூப்பிட மாட்டார். அதற்குப் பொடி எழுத்தில் எங்கேயும் இடம் இல்லையே.

இதில் இன்னொரு சங்கடம். மைத்துனனின் மருந்துக்கடை இருக்கிற கட்டடத்து லிஃப்டும் இவர் பொறுப்புதான். மேலே முழுக்க டாக்டர்கள், கீழே கடை. இவர் அவன் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து வந்து எண்ணெய் போட்டுவிட்டுப் போவார். அவனோ இவர் கை பட்ட லிஃப்டில் ஏறுவதில்லை என்று மாடிப்படியிலேயே நடந்தான். இப்படி இரண்டு பேரும் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் ஐந்தாவது மாடிக் கண் டாக்டருக்குக் கனமான மருந்துப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு நாள்தானே என்று அவன் லிஃப்டில் ஏறினான். அது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றுவிட்டது.

காவலாளி போன் பண்ண, மெக்கானிக் வந்து நான்காவது மாடிக் கதவைத் தட்டினார். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்ட நோயாளிகள் சிலர் எதுவும் சரியாகத் தெரியாமல் படிக்கட்டில் கூடி நின்றார்கள்.

"உள்ள யாருங்க? பயப்படாதீங்க. காத்து வருதுல்ல?"

உள்ளே சத்தமே இல்லை. மாமாவின் குரலை அவன் கண்டுபிடித்துவிட்டான். பேசவும் கூடாது, பேசாமல் வெளியே வரவும் முடியாது. விளையாட்டில் இதற்கு ஒரு வழி உண்டு. பகை நாட்டு அரசர்கள் நேரில் பேசக் கூடாது, தூதன் வழியாகப் பேசலாம்.

"சதுப்புநாட்டுத் தூதன் பேசறேன்," என்றது லிஃப்ட்.

மெக்கானிக்கின் கையிலிருந்த சாவிக்கொத்து நழுவியது. குனிந்து எடுத்துக்கொண்டு, "மலைநாடு கேட்டுக்கிட்டிருக்கு. சொல்லு," என்றார்.

காவலாளி கிட்டே வந்து, "சார், உள்ள இருக்கிறவருக்கு மூச்சு முட்டிடுச்சா?" என்று கேட்டான்.

"உங்க அரசர்கிட்ட சொல்லுங்க," என்றான் தூதன். "வேற மெக்கானிக்கை அனுப்பச் சொல்லி."

"இந்த வட்டாரத்துக்கே அரசர் ஒருத்தர்தான். மேல போய்ச் சக்கரத்தைக் கையால சுத்தி லிஃப்டை இறக்கணும். கொஞ்ச நேரம்தான். கதவை விட்டுத் தள்ளி நில்லு மாப்ள."

"அவசரமில்லை. மலை பேசட்டும், அப்புறம் திறங்க."

"அது வேற கதவு மாப்ள."

"எனக்கு எல்லாம் ஒரே கதவுதான் மாமா." தூதன் போய் மைத்துனனே வந்துவிட்டான். "என் படை செத்ததுக்கா நான் கோவிச்சுக்கிட்டேன்? எத்தனை தடவை செத்திருக்கேன். அப்பா போனப்புறம் எனக்குன்னு போக இருக்கிறது அக்கா வீடு ஒண்ணுதான். அங்கயும் கதவு கிடையாதுன்னு சொன்னீங்க. சரி, ஆட்டம். ஆனா சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க பாருங்க, அதுதான் தாங்கலை."

 இதற்கு விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்துச் சொல்வது என்று மெக்கானிக் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

"சிரிச்சது தப்பு மாப்ள," என்றார்.

"வாசல்?"

"வாசலும்தான்."

"வாசலும்தான்னா?"

"திறக்கிறேன். வர்ற சனிக்கிழமை நீ வா, உன் படைக்கு நான் திறந்துவிடறேன்."

"நிபந்தனை எதுவும் இல்லாம?"

"இல்லாம."

"அப்ப சரி. இப்ப சக்கரத்தைச் சுத்துங்க மாமா, பெட்டியைத் தூக்கிக் கை கடுக்குது."

"கீழ வெச்சுக்கக் கூடாதாடா?" என்று சொல்லிக்கொண்டே மலையரசர் மேல்மாடிக்கு ஓடினார். லிஃப்ட் மெதுவாக மூன்றாவது மாடிக்கு இறங்கியது. கதவு திறந்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சேர்ந்தே பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். "எந்த நாட்டுக்காரங்கப்பா இவங்க?" என்று ஒரு நோயாளி காவலாளியைக் கேட்டார்.

சனிக்கிழமை வந்தது. மைத்துனனும் இருமல் மருந்து டப்பாவோடு வந்தான். அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்து, "இளைச்சிட்டே," என்றாள். இளைக்கவெல்லாம் இல்லை. புது ஆட்டம், பழைய கூட்டணி. கொஞ்ச நேரத்தில் டிராகன் துரத்த ஆரம்பித்தது.

"மாமா, வாசல்," என்றான்.

மிஷின் சத்தம் நின்றது. மலையரசர் எழுந்து நின்றார். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, தன் கையாலேயே அந்த அட்டைக் கதவை மடித்துத் திறந்தார். சூனியக்காரிகள் வரிசையாக உள்ளே போனார்கள். குள்ளர்கள் எல்லாரும் எல்லையில் டிராகனைப் பார்த்து நிற்கிறார்கள். மலைக்குள் காவலுக்கு ஒருத்தன் இல்லை. மைத்துனன் மாத்திரை அட்டையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"மாமா, கூட்டணி முறிஞ்சது. எப்ப வேணா முறிக்கலாம்னு விதிப் புத்தகத்துல ஒன்பதாம் பக்கம், நடுவுல இருக்கு. மலை இப்ப என்னுது."

டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். "எரிக்கலாம்னுதான் வந்தேன். இது குடும்ப விஷயமா இருக்கு," என்றார்.

இதுவரை ஒரு ஆட்டத்திலும் விழாத மலை விழுந்துவிட்டது. அதுவும் எப்படி? முதல் நகரம் போன அதே வழியில், பொடி எழுத்தில் போட்டிருந்தபடி ஒரு எழுத்து பிசகாமல். "பாத்தீங்களா, அன்னைக்கே எழுதி வெச்சிருக்கான்" என்று கூவுவதற்கு மலையரசருக்கு நாக்கு துடித்தது. வாயைத் திறந்தபடி மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பாவைப் படியேற வெச்சீங்கல்ல, அதுக்கு இது," என்றாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று. மலையரசர் வாயை மூடிக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டு மைத்துனன் கிளம்பியதும் அவள் துணியை மடித்தபடி கேட்டாள், "அடுத்த வாரமும் வாசலைத் திறப்பீங்களா?"

"அவன் வர்றேன்னு சொன்னானா?"

"சொல்லியிருக்கான்."

"அப்ப திறந்துதானே ஆகணும்," என்றார் நாடு போன அரசர், அட்டைக் கதவின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே.