கடலோர விருந்தில் மூன்று நாள் பட்டினி

மூன்று வேளையும் ராஜ விருந்து. அதைச் சாப்பிடப் போன இடத்தில் ஒரு பெண் பசியால் மயங்கி விழ முடியுமா?

முடியும். போன மாதம் என் மனைவி விழுந்தாள். பக்கத்திலேயே நான் இருந்தேன் — வயிறு முட்டத் தின்றுவிட்டு!

போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு என்று முன்பே எழுதியிருக்கிறேன். இந்த வருஷம் அங்கே தங்கியதில் என் மனைவி பேச்சியம்மாளுக்கு மலைக்காய்ச்சல். கொயினா மாத்திரை கொடுத்ததில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆள்தான் பாதியாகிவிட்டாள்.

"இன்னொரு தடவை வந்தா இந்த உடம்பு தாங்காது. கடல் காத்து, ஓய்வு, நல்ல சாப்பாடு... வெரசா தேத்துங்க" என்றார் போடி டாக்டர். நான் பயந்துபோனேன்.

போடிக்கு ஏது கடல்? அவளுடைய அண்ணன் கொழும்பில் கடை வைத்திருக்கிறார். கடிதம் போட்டேன். "உடனே கூட்டியாங்க மாப்ளே" என்று பதில் வந்தது. ரயில், கப்பல், மறுபடி ரயில். கடலை ஒட்டிய ஒரு ஹோட்டலில் ஐந்து நாளுக்கு ரூம் எடுத்து வைத்திருந்தார். தங்க, தின்ன, குடிக்க எல்லாம் அவர் கட்டிய பணத்திலேயே அடக்கமாம்.

"கேட்டதெல்லாம் கொண்டாந்து வைப்பாங்க. ஒரு சோலியும் பாக்கக் கூடாது, ஆத்தா" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அடடா, என்ன இடம்! ஜன்னலைத் திறந்தால் கடல். தென்னை மரத்தடியில் சாய்வு நாற்காலி. மணி அடித்தால் சாப்பாடு. வெள்ளைக் கோட்டு வெயிட்டர், யாழ்ப்பாணத்துக்காரர், தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து ஒவ்வொருவரிடமும் குனிந்து கேட்பார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மலைக்காரன் கடல்மீனைக் கண்டால், பக்கத்தில் இருப்பவரையா பார்ப்பான்?

மூன்றாம் நாள் மத்தியானம். சாப்பிட்டுவிட்டு மணலில் நடந்துகொண்டிருந்தோம். பேச்சியம்மாள் என் தோளைப் பிடித்தாள்... அப்படியே சரிந்துவிட்டாள். கை ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் திரும்பிவிட்டதா?

"என்ன செய்யுது, பேச்சி?"

"பசிக்குதுங்க."

"பசியா? இங்கேயா?"

"சோறு வேணுமான்னு கேட்டாரு. வேண்டாம்னேன். எடுத்துட்டுப் போயிட்டாரு."

"பசிச்சா ஏன் வேண்டாம்னே?"

"கேட்ட ஒடனே கொண்டாங்கன்னா, காணாததைக் கண்டவன்னு நெனைக்க மாட்டாகளா? இன்னொரு தடவை கேப்பாருன்னு பாத்தேன். மூணு நாளாக் கேக்கவே இல்லையே!"

எங்கள் பக்கத்துப் பழக்கம் இது. விருந்தாளி முதலில் வேண்டாம் என்பார். இலையைக் கையால் மறைப்பார். "அட, சும்மா இருங்க" என்று கையை விலக்கிவிட்டுச் சோற்றைத் தள்ளுவோம். சாப்பாடே அதற்கப்புறம்தான் ஆரம்பம். ஆக, மூன்று நாளாக அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தது, யாரும் கேட்காமல் ரூமில் வைத்துவிட்டுப் போன டீயும் வாழைப்பழமும்தான்!

அவளுக்குச் சூடாகப் பால் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெயிட்டரிடம் சண்டைக்குப் போனேன்.

"வேண்டாமெண்டு சொன்னவையை வற்புறுத்தக் கூடாது எண்டுதான் எங்களுக்குப் பழக்கியிருக்கினம், ஐயா" என்றார் அவர். "நீங்கள் பக்கத்திலதானே இருந்தனீங்கள்? நீங்கள் ஒருக்காக் கேட்டிருக்கலாமே?"

ஊர்ப் பழக்கத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அடுத்த வேளைக்கே மனுஷர் மாறிவிட்டார்.

"கொஞ்சம் போடட்டோ, அம்மா?"

"வேண்டாம்."

"ஒரு கரண்டி?"

"ஐயோ, போதும்."

"எனக்காக ஒருக்காச் சாப்பிடுங்கோ."

தட்டு நிறைந்தது. பேச்சியம்மாள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர். காரம் என்றாள். வெள்ளைக்காரர்களுக்கென்று சமைத்த மீனில் ஏது காரம்?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். மேலே தோட்டத்து ஆட்களுக்கும், கீழே போடியில் எனக்கும் என் விருந்தாளிகளுக்கும் கையை விலக்கி விலக்கிச் சோறு போட்டவள். அவள் எப்போது சாப்பிடுகிறாள், எவ்வளவு சாப்பிடுகிறாள்... நான் பார்த்ததே இல்லை. "நீ சாப்பிடலையா?" என்பேன். "அப்புறம்" என்பாள். சரி என்று கை கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவேன். வெயிட்டரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? வெட்கமாக இருந்தது.

ஹோட்டலில் மீதி நாளும், அண்ணன் வீட்டில் பத்து நாளும் இருந்தோம். அவள் கன்னத்தில் சதை பிடித்தது. ஊர் திரும்பியதும் டாக்டர் பார்த்துவிட்டு, "இனிப் பயமில்லை" என்றார்.

முந்தாநாள் மத்தியானம். எனக்குப் பரிமாறி, நான் சாப்பிட்டுக் கை கழுவியதும் பேச்சியம்மாள் அடுக்களைக்குத் திரும்பினாள்.

"நீ உக்காரு. நான் போடுறேன்" என்றேன்.

"வேண்டாங்க. உங்களுக்குச் சோலி கெடக்கு. நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்."

சரி என்று செருப்பில் காலை நுழைத்துவிட்டேன் — பதினான்கு வருஷப் பழக்கம் லேசில் போகுமா? பிறகு கழற்றினேன்.

"எனக்காக ஒருக்காச் சாப்பிடுங்கோ" என்றேன், அந்த யாழ்ப்பாணத்துக்காரர் மாதிரியே.

சிரித்துவிட்டாள். இலையைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கரண்டி சோறு விழுந்ததுமே, போதும் என்று கையால் இலையை மறைத்தாள்.

அட, சும்மா இரு! — விலக்கிவிட்டேன்.