பின்னறையில் எழுபத்தொரு வாளிகள்

1. ரீச்சர் தூக்கிய முதல் சாமான்

வானம் கறுத்தபோது ரீச்சர் வீட்டுச் சாமான் முழுவதும் முற்றத்தில் கிடந்தது.

நான் பெயின்ரர். முப்பத்தொரு வருடமாக வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறேன். எங்கள் சபை ஆட்களுக்கு நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, இரண்டு கிழமை இருக்கும்போதுதான் வீட்டுச் சுவர் கண்ணில் படும். மழை மாதத்தில் சுவர் காயாது என்று சொன்னால், "அப்ப நத்தாரைத் தையிலை வைக்கட்டோ?" என்று கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு மார்கழியும் நான் ஒரு கண்ணைச் சுவரிலும் மறு கண்ணை வானத்திலும் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வேன்.

ரீச்சர் வீடு யாழ்ப்பாணத்து உடுவிலில்; இது நடந்தது இரண்டு மார்கழிக்கு முன். ரீச்சர் பள்ளியில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தாயார் இறந்து ஒரு வருடம், வீட்டில் தனிய. நானும் கூட்டாளி சிவமும் காலையிலிருந்து சாமான் சுமந்தோம். அலுமாரி மூன்று. கதிரை பத்தொன்பது. சூட்கேஸ் பதினொன்று. ஓடாத தையல் மெசின் இரண்டு. முற்றம் நிரம்பி, மாமரத்தடி நிரம்பி, கிணற்றடிக்குப் போய்விட்டது.

சிவம் என் காதுக்குள் சொன்னான்: "அண்ணை, ரீச்சர் தனிய இருக்கிறா எண்டெல்லோ சொன்னனீங்கள். இஞ்சை ஒரு கிராமமே இருந்திட்டு எழும்பிப் போனமாதிரிக் கிடக்கு."

முதல் துளி விழுந்தது. "ரீச்சர், கெதியாச் சொல்லுங்கோ, எதை முதல்ல உள்ளுக்கு எடுக்கிறது?" என்று நான் கத்தினேன். ரீச்சர் ஓடினார். அலுமாரியிடம் போகவில்லை. தாயாரின் படம் கதிரையில் சாத்தியிருந்தது, அதையும் பார்க்கவில்லை. ஒரு பெரிய பிஸ்கட் தகரத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறாந்தைக்கு ஓடிவந்தார். நகைதான் என்று நினைத்தேன்.

மழை விட்டபிறகு பிளேன்ரீ குடிக்கும்போது ரீச்சரே அதைத் திறந்தார். உள்ளே முழுவதும் திறப்புகள். சின்னதும் பெரியதுமாக, துருப்பிடித்து, நூறுக்கு மேல் இருக்கும்.

"எந்தப் பூட்டுகளுக்கு ரீச்சர்?"

ரீச்சர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஒண்டுக்கும் பூட்டு இல்லை, அருள். எல்லாம் சண்டையிலை இடிஞ்ச பழைய வீட்டுத் திறப்பு. அந்த வீட்டுக்கு இப்பக் கதவே இல்லை." பிறகு முற்றத்தைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. "அம்மாவின்ரை படம் நனையுது. நான் உதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறன்."

பின்னேரம் அவர் என்னைக் கூப்பிட்டார். "அருள், அந்த மூலையிலை கட்டி வைச்சிருக்கிறது முழுக்க அம்மாவின்ரை சாமான். கொண்டுபோங்கோ. நீங்கள் நாலு வீடு போற ஆள். தேவையான ஆருக்கும் குடுங்கோ." ஈரப் படங்குத் துணியால் சுற்றிக் கட்டிய மூட்டை. அவிழ்த்துப் பார்க்கவில்லை. ஏணியோடு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அந்தத் திறப்புத் தகரத்தின் கதையை நான் விடவில்லை. உலகப் பொருளில் வைக்கும் ஆசையைப் பற்றி சபை ஆண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்லும்போதெல்லாம் அதைத்தான் எடுப்பேன். பெயர் சொல்லமாட்டேன். சனம் சிரிக்கும். "அருள் அண்ணை நல்லாச் சொன்னார்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2. வெறும் வாளி

பெயின்ற் முடிந்த வாளி பெயின்ரருக்கு. இது எங்கள் தொழிலில் யாரும் எழுதி வைக்காத வழமை. வீட்டுக்காரர் கேட்கவும் மாட்டார், நாங்கள் சொல்லவும் மாட்டோம். கடைசி நாள் கழுவி, சைக்கிளில் கொழுவிக்கொண்டு வந்துவிடுவோம்.

மூடியோடு இருக்கும் நல்ல வாளியை எறிய எனக்குக் கை வராது. அதற்குக் காரணம் உண்டு. சண்டையில் இடம்பெயர்ந்து போனபோது எங்களிடம் ஒரு வாளிதான் இருந்தது. நடக்கும்போது அதற்குள் உடுப்பு. நின்ற இடத்தில் அதில் தண்ணீர். இரவில் அதைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் அம்மா குந்தியிருப்பார். அந்த வாளியை நானும் அக்காவும் மாறி மாறிச் சுமந்தோம். அன்றைக்குத் தொடங்கி, ஒரு வாளி சும்மா போவதைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

வாளி மட்டும் என்றால் பரவாயில்லை. பெயின்ற் அடிக்கச் சாமானை வெளியே எடுத்ததும் வீட்டுக்காரருக்கு வெட்கம் வந்துவிடும். எறியவும் மனம் வராது. உடனே, "அண்ணை, இதைக் கொண்டுபோங்கோ, உங்களுக்கு உதவும்" என்பார்கள். வேண்டாம் என்றால் மனம் நோவார்கள். அப்படி வந்தவைதான் எங்கள் பின்னறையை நிரப்பின. பிள்ளைகள் இருந்த அறை அது. அவர்கள் கலியாணம் முடித்துப் போனபிறகு அதன் கதவை நான் அரைவாசிதான் திறப்பேன். அதற்கு மேல் திறக்காது.

என் மனைவி புஷ்பம் கதவடியில் நின்று சொல்லுவாள்: "இஞ்சேருங்கோ, உதுக்குள்ளை பாம்பு குடும்பம் நடத்துது. பேரப்பிள்ளையும் கண்டிட்டுது."

"ஆருக்கும் உதவும்" என்பேன் நான்.

"ஆருக்கு?"

நான் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.

3. அக்கா கேட்டது

அந்த வாளியை என்னோடு சுமந்த ஞானம் அக்கா யாழ்ப்பாணக் கரையோரம் கொழும்புத்துறையில் தனிய இருந்தார். கலியாணம் கட்டவில்லை. எங்களை வளர்த்துவிட்டதிலேயே வயது போய்விட்டது. போன வருடம் முழங்கால் இரண்டும் அவரைக் கைவிட்டன. சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பார். அந்தச் சுவருக்குப் பெயின்ற் அடித்தவன் நான். அவருடைய கை போன உயரத்தில் ஒரு கறுத்தக் கோடு விழுந்திருந்தது.

"தம்பி, ஆஸ்பத்திரியிலை நாலுகால் சட்டம் ஒண்டு பிடிச்சுக்கொண்டு நடக்குதுகளே, என்ன அது?"

"வோக்கர், அக்கா."

"ஓம், அதுதான். புதுசு வாங்கிப்போடாதை. நான் இன்னும் எத்தினை நாளைக்கு? ஆற்றையேன் வீட்டிலை சும்மா கிடந்தால் கேட்டுப் பார். நீ நாலு வீடு போறனி."

கேட்டேன். மனச்சாட்சியோடு சொல்கிறேன், போன வீடெல்லாம் கேட்டேன். வியாழக்கிழமை வீட்டுக் கூட்டத்தில் ஜெபக் குறிப்பாகக் கொடுத்தேன். போதகர் ஞாயிறு ஆராதனையிலும் அறிவித்தார். நாலு மாதம், "ஆண்டவரே, அக்காவுக்கு ஒரு வோக்கரைத் தாரும்" என்று முழங்காலில் நின்று கேட்டேன். புஷ்பம் இரண்டு தரம், "புதுசு ஒண்டை வாங்குவமே" என்றாள். "பொறு. அவர் தருவார். விசுவாசம் வேணும்" என்று அவளுக்குப் புத்தி சொன்னேன்.

ஒரு காலையில் அக்காவின் பக்கத்து வீட்டார் போன் எடுத்தார்கள். சமையல் குசினிப் படியில், பிடிக்கச் சுவர் இல்லாத இடத்தில், அக்கா விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்துபோனது.

சத்திர சிகிச்சை முடிந்து டொக்டர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை கொண்டுபோகலாம். ஆனால் படுக்கையிலை விடக்கூடாது. நடக்க வைக்கவேணும். இந்தக் கிழமை நடக்காட்டில் பிறகு நடக்கமாட்டா."

"மச்சாள் எங்களோடைதான் இருக்கவேணும். கக்கூசுக்குப் பக்கத்திலை இருக்கிறது பின்னறைதான்" என்றாள் புஷ்பம்.

நான் விரலில் நாள் எண்ணினேன். அன்று புதன்கிழமை.

4. எங்கள் முற்றம்

வியாழன் காலை வேலைக்குப் போகாமல் பின்னறைக் கதவைத் தள்ளினேன். அரைவாசி திறந்தது. கையை விட்டு முதல் வாளியை எடுத்தேன். அடுத்ததை எடுத்தேன். முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் வீட்டுச் சாமானை முற்றத்துக்குச் சுமந்தவன் முதல் தரமாக என் சாமானைச் சுமந்தேன்.

கடைசிக் கணக்கில் வாளி எழுபத்தொன்று. நான் எண்ணவில்லை, புஷ்பம் உரத்து எண்ணினாள். பிடி உடைந்த குடை எட்டு. கண்ணாடி இல்லாத மணிக்கூடு ஐந்து. மூன்று காலில் நிற்கும் மேசை. பொத்தான் இல்லாத ரேடியோ. ஆறு செயற்கை நத்தார் மரம், ஒன்றுக்கும் அடிக்கட்டை இல்லை. ஒரு பெட்டி நிறையச் சைக்கிள் மணி. எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள்தான்.

பத்து மணிக்கு முற்றம் நிரம்பிவிட்டது. அறை இன்னும் அரைவாசி. நான் படியில் குந்திவிட்டேன். இது ஆருடைய வீடு என்று எனக்கே விளங்கவில்லை.

அந்த நேரம் வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. உடுவில் ரீச்சர். அக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டு ஓட்ஸ் பக்கற்றோடு வந்திருந்தார். படலைக்குள் ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முற்றத்தை ஒருதரம் முழுக்கப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"கெதியாச் சொல்லுங்கோ அருள், மழை வந்தால் எதை முதல்ல தூக்குவியள்?"

நான் படியிலிருந்து எழும்பினேன். "தகரத்துக் கதை எனக்கும் வந்து சேர்ந்தது" என்றார் ரீச்சர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் காதுமடல் இரண்டும் சுட்டது. புஷ்பம் சமாளிக்க, "இருங்கோ ரீச்சர், ரீ ஊத்திறன்" என்றாள். இருக்க இடம் இல்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துக் கொடுத்தாள்.

நான் வெட்கத்தை மறைக்க அறைக்குள் போனேன். கடைசி மூலையில் பதின்மூன்று வாளி ஒன்றுக்குள் ஒன்றாக நின்றது. அதைத் தூக்கினேன். கீழே ஒரு படங்கு மூட்டை, கட்டியது கட்டியபடி. இழுத்துக்கொண்டு வெளியே வந்து கயிற்றை வெட்டினேன்.

ஒரு சுடுதண்ணிப் பை. ஒரு கம்பளி. அவற்றுக்குக் கீழே, மடித்தபடி, நாலு காலிலும் றப்பரோடு, அலுமினிய வோக்கர்.

நான் அதைத் தொடவில்லை. தொடப் பயமாக இருந்தது. புஷ்பம் ரீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

ரீச்சர் எழும்பி வந்தார். "இது அம்மாவின்ரை" என்றார். "நான் தந்ததெல்லோ? தேவையான ஆருக்கும் குடுங்கோ எண்டெல்லோ தந்தனான்?"

"ஓம் ரீச்சர்."

"இவ்வளவு காலமும் இஞ்சையோ கிடந்தது?"

"ஓம்."

"ஞானம் அக்காவுக்கு வோக்கர் வேணுமெண்டு போதகர் அறிவிச்சவர். நானும் ஜெபம் பண்ணினனான். என்னட்டை இல்லையே, முந்தியே குடுத்திட்டனே எண்டு கவலைப்பட்டனான்."

ரீச்சர் குனிந்து அந்தக் கம்பளியை மடித்து வைத்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் தரையில் இருந்து அழுதேன். நாலு மாதம் நான் முழங்காலில் நின்ற இடத்துக்கும் அந்த மூட்டைக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஆண்டவர் நான் கேட்க முன்னமே தந்துவிட்டார். நான் அதற்கு மேல் வாளி அடுக்கிவிட்டு, தாரும் தாரும் என்று அவரைக் கரைச்சல்படுத்தியிருக்கிறேன்.

5. நாலு அடி

வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்காவைக் கொண்டுவந்தோம். அறை வெறுமையாக, ஒரு கட்டிலோடு நின்றது. கட்டிலடியில் வோக்கர்.

"அட, கிடைச்சிட்டுதே!" என்றார் அக்கா. "எங்கை தம்பி எடுத்தனி?"

ஆண்டவர் தந்தார் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. வாய் வரை வந்துவிட்டது. புஷ்பம் கதவடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த அறைக்குள்ளைதான் கிடந்தது, அக்கா. ரீச்சர் எப்பவோ தந்தது. நான் அவிழ்த்துப் பார்க்கேல்லை. நீங்கள் விழேக்கையும் இதுக்குள்ளைதான் கிடந்தது."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரவு கஞ்சி கொடுத்தபோதும் கதைக்கவில்லை. என் வயதில் ஒரு மனிதனை அக்காவின் முதுகு இப்படிப் பயப்படுத்தும் என்று எனக்குத் தெரியாது. டொக்டர் சொன்ன சொல் வேறு மண்டைக்குள் நின்றது. அக்கா கோபத்தில் நடக்கமாட்டேன் என்று படுத்துவிட்டால்?

விடிந்ததும் அறையிலிருந்து சத்தம் வந்தது. "தம்பி! அந்தச் சாமானை இஞ்சை கொண்டா."

பிடித்துவிட்டேன். எழும்பினார். நோவில் முகம் சுருங்கியது. ஒரு அடி. இரண்டு. மூன்று. நாலாவது அடியில் யன்னலடிக்கு வந்து நின்றார். வெளியே முற்றத்தில் அந்த எழுபத்தொரு வாளியும் குவிந்து கிடந்தன. அக்கா அதைப் பார்த்துத் திடுக்கிட்டுப்போனார். பிறகு, விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தரமாகச் சிரித்தார்.

"அட பாவி, உதெல்லாம் ஆருக்கடா?"

"ஒரு வாளியோடை நடந்தமே, அக்கா. அந்த நினைப்பிலை..."

"அந்த ஒண்டை இரண்டு பேர் தூக்கினம். உதை ஆர் தூக்கிறது?" வோக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "ஒவ்வொண்டா அவிழ்த்துப் பார். ஆருக்குத் தேவையோ, அதுகள் விழமுன்னம் கொண்டுபோய்க் குடு."

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிமாருக்கு, சுவரைச் சுரண்டுவதையும் பிரைமர் அடிப்பதையும் வேறு ஆட்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வீட்டுக்காரர் ஒரு மூட்டையைத் தந்தால் அன்றைக்கே அவிழ்த்துப் பாருங்கள். உங்களுக்குத் தந்ததா, உங்கள் கையில் வேறு ஆருக்கோ தந்ததா என்று கேளுங்கள். அந்த வேறு ஆள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருப்பார்.

வாளிகள் இரண்டு கிழமையில் போய்விட்டன. கொழும்புத்துறையில் மீன் பிடிக்கும் குடும்பங்கள்தான் கனக்க எடுத்தன. ஒன்று மட்டும் மிச்சம். அதைக் கவிழ்த்து யன்னலடியில் வைத்திருக்கிறேன். அக்கா வோக்கரோடு நடந்து வந்து, களைத்தால் அதில் குந்தியிருப்பார்.